மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்: பார்த்தவர்கள் வாருங்கள், பேச வேண்டும்

#1 பழைய_காசாளர்

மகள் பார்க்கச் சொன்ன தொடர் இது. தபால் கவுண்டர் நடத்தியவர்கள் கணினி காட்டிய பொய்த் துண்டுக்காகத் தண்டிக்கப்பட்ட உண்மைக் கதை. 2024 ஜனவரி 1 முதல் 4 வரை அடுத்தடுத்து நான்கு இரவுகளில் பிரிட்டனின் ஐடிவியில் வந்தது. எனக்கு இப்போதுதான் வாய்த்தது. முதல் பகுதியில் ஒரு காட்சியோடு நிறுத்திவிட்டு எழுந்து போய் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காட்சியைப் பற்றி எழுதத்தான் இந்த இழை.

ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஜோ ஹாமில்டன் என்கிற அம்மா ஒரு கடை நடத்துகிறார், அந்தக் கடைக்குள்ளேயே தபால் கவுண்டரும் இருக்கிறது. கடை சாத்திய பிறகு ஹொரைசன் என்ற கணினியில் கணக்கு முடிக்கிறார். 2,000 பவுண்டு துண்டு விழுகிறது. உதவி எண்ணுக்கு போன் போடுகிறார். அந்தப் பக்கம் சொல்லச் சொல்ல இவர் அழுத்துகிறார், அடுத்த நொடி துண்டு 4,000 ஆகிறது. அவர் கண்ணெதிரே ஆகிறது. இது கதைக்காகச் சேர்த்தது இல்லை, அவருக்கு உண்மையிலேயே நடந்தது.

நான் 31 வருடம் கேஷ் கவுண்டரில் இருந்தவன். சாயங்காலம் கேஷ் டேலி ஆகாவிட்டால் வயிறு என்ன பாடுபடும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். ஆனால் எங்களிடம் காகிதம் இருந்தது. வவுச்சர் கட்டைப் பிரித்து, சலானை ஒவ்வொன்றாகப் புரட்டி, பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து தேடி, ஒன்பது மணிக்காவது 'இதோ, 540-ஐ 450 என்று எழுதியிருக்கிறோம்' என்று பிடித்துவிடுவோம். ஜோ எதைப் புரட்டுவார்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் வரும் ஒரே ஒரு தொகை. அது எப்படி வந்தது என்று பார்க்கும் வழி அவரிடம் இல்லை, போனில் பேசுகிறவரோ 'இப்படி யாருக்கும் வரவில்லை, உங்களுக்கு மட்டும்தான்' என்கிறார். நாடு முழுக்க நூற்றுக்கணக்கானவர்களுக்கு இதே வாக்கியம் சொல்லப்பட்டிருக்கிறது.

பார்த்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 மழைக்காகம்

இரண்டு பகுதி பார்த்தேன், நடிப்பு நன்றாகவே இருக்கிறது, பேட்ஸாக வரும் டோபி ஜோன்ஸ் குரலை உயர்த்தாமலேயே கோபத்தைக் கொண்டுவருகிறார். ஆனால் இதை அரசியல் ஊழல் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிபடவில்லை. கணினியில் கோளாறு, கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதானே? அரசியல் எங்கே வருகிறது?

#3 ஈஸ்ட்ஹாம்_வாசி

@மழைக்காகம், நான் 2001-இல் இருந்து லண்டனில் இருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இந்த வேலை என்ன என்று விளங்க வேண்டும். எங்கள் ஊரில் உப தபாலதிபர் என்போமே, இங்கே சப் போஸ்ட்மாஸ்டர். ஆனால் இவர் சம்பளக்காரர் இல்லை. சொந்தச் சேமிப்பைப் போட்டுக் கடையை வாங்கி, தபால் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக் கவுண்டர் நடத்துகிறவர். தன் கவனக்குறைவாலோ பிழையாலோ வந்த நட்டத்துக்கு அவர் பொறுப்பு என்பது ஒப்பந்தம். அதை 'எந்த நட்டம் வந்தாலும் நீதான் கட்ட வேண்டும்' என்று நிறுவனம் வருடக்கணக்காக வாசித்துக்கொண்டது. பிழை யாருடையது என்று பார்க்கிற வேலையே நடக்கவில்லை.

இனி அரசியல். போஸ்ட் ஆபீஸ் முழுக்க அரசாங்கத்துக்குச் சொந்தமானது. ஹொரைசனும் அரசாங்கத்தின் திட்டமாகத்தான் பிறந்தது, உதவித்தொகையை அட்டை மூலம் கொடுக்க 1990-களில் போட்ட திட்டம் அது. அந்த அட்டை 1999-இல் கைவிடப்பட்டது, மிச்சமிருந்த கணினியை தபால் கவுண்டர்களில் பூட்டினார்கள். ஐசிஎல் செய்தது, ஜப்பானின் ஃபுஜிட்சுவுக்குச் சொந்தமான நிறுவனம். 1999-இல் இருந்து 2015 வரை 900-க்கு மேற்பட்டவர்களுக்குத் தண்டனை. அதில் 700-க்கும் மேல் போஸ்ட் ஆபீஸ் தானே போட்ட வழக்குகள். காவல்துறையும் இல்லை, அரசு வழக்குத்தொடுநர்களும் இல்லை. பணம் காணவில்லை என்று சொல்வதும் அவர்கள், விசாரிப்பதும் அவர்கள், வழக்குப் போடுவதும் அவர்கள்.

இத்தனை வருடத்தில் எல்லாக் கட்சி ஆட்சியும் வந்துபோனது. 2010-இல் ஆலன் பேட்ஸ், அதாவது பாதிக்கப்பட்டவர்களைத் திரட்டிய முன்னாள் சப் போஸ்ட்மாஸ்டர், அமைச்சருக்குக் கடிதம் எழுதுகிறார், அப்போது தபால் துறை எட் டேவியிடம் இருந்தது. சந்திப்பதால் பயனில்லை என்ற மாதிரி முதலில் பதில் வந்தது, பிறகுதான் சந்தித்தார். அவர் மட்டும் இல்லை, யார் வந்தாலும் இதே பதில்தான்: 'அது நிறுவனத்தின் அன்றாட நிர்வாகம், நாங்கள் தலையிட மாட்டோம்.' உரிமையாளர் அரசாங்கம், கேள்வி கேட்க வேண்டியதும் அரசாங்கம். கேட்காமல் இருந்ததுதான் இதில் உள்ள அரசியல்.

#4 நிரலாளர்

மென்பொருள் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் தொடரில் அது வேகமாகக் கடந்துபோகிறது.

ஹொரைசனில் இருந்த கோளாறுகளுக்குக் கிளைகளின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கேலண்டர் ஸ்குவேர் என்பது ஸ்காட்லாந்தில் ஃபால்கிர்க்கில் இருந்த கிளை. டால்மெல்லிங்டன் இன்னொன்று. 2015-இல் அங்கே ஒரு அம்மா 8,000 பவுண்டை ஒரு துணைக் கிளைக்குக் கணக்கில் ஏற்றுகிறார். திரை உறைந்து நிற்கிறது. நீங்களும் நானும் என்ன செய்வோமோ அதைத்தான் அவரும் செய்தார், எண்டரை மறுபடி மறுபடி அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலும் புதிதாக ஒரு 8,000 என்று பதிவாகி, மொத்தம் 32,000 ஆனது. கையில் இருந்து போனது 8,000, கணக்கில் போனது 32,000. மீதி 24,000 பவுண்டு எங்கே என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்?

அப்புறம் மைக்கேல் ரட்கின் காட்சி. சப் போஸ்ட்மாஸ்டர்கள் சங்கத்தில் இருந்தவர். 2008 ஆகஸ்டில் பிராக்னெல் ஊரில் உள்ள ஃபுஜிட்சு அலுவலகத்துக்குப் போகிறார். வெளியிலிருந்து யாரும் கிளைக் கணக்கைத் தொட முடியாது என்றுதான் எல்லா நீதிமன்றத்திலும் சொல்லிவந்தார்கள். அங்கே ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கிளையின் தொகையை மாற்றிக் காட்டுகிறார். மறுநாள் ரட்கினின் மனைவி நடத்திய கிளையில் 44,000 பவுண்டு துண்டு. பின்னாளில் 'நீங்கள் அங்கே வரவே இல்லை' என்று அவரிடமே சொன்னார்கள்.

ஆனால் @மழைக்காகம் சொன்ன 'கணினிக் கோளாறு' என்ற வார்த்தையை நான் ஏற்கமாட்டேன். 20 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், கோளாறு இல்லாத மென்பொருளை நான் பார்த்ததில்லை. கோளாறு வந்தது என்று புகார் வந்ததும் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. ஃபுஜிட்சுவுக்குள்ளே கோளாறுப் பட்டியல் இருந்தது, அதை வைத்துக்கொண்டே வெளியே 'ஹொரைசன் உறுதியானது' என்று சாட்சி சொன்னார்கள். அதை மனிதர்கள் தெரிந்தே செய்தார்கள்.

#5 தென்னங்கீற்று

நான் கொஞ்சம் மாற்றிப் பேசப்போகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொடர் மனதைத் தொடுகிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் நல்லவர்கள் ஒரு பக்கம், கெட்டவர்கள் மறுபக்கம் என்று கோடு போட்டுவிட்டார்கள். போஸ்ட் ஆபீஸின் தலைமை அதிகாரி பாலா வென்னல்ஸ் ஒரே முகமாக நிற்கிறார். அவர் அந்தப் பதவிக்கு வந்ததே 2012-இல். ஜோ, அவரைப் போலவே மாட்டிக்கொண்ட நோயல் தாமஸ், சீமா மிஸ்ரா எல்லோரும் அதற்கு முன்பே தண்டனை பெற்றவர்கள். அந்த 12 வருடத்துக் கணக்கை யார் கேட்பது? ஃபுஜிட்சு ஆட்கள் வந்து போகிறார்கள், வழக்கறிஞர்கள் வந்து போகிறார்கள், அமைச்சர்கள் கிட்டத்தட்ட வருவதே இல்லை. பார்க்கிறவருக்குக் கோபம் வருகிறது, ஆனால் அந்தக் கோபம் ஒரே ஒரு ஆளின் மேல் போய் விழுகிறது.

இன்னொன்று. நாடகம் வந்துதான் நீதி கிடைத்தது என்கிறார்கள். 2019 டிசம்பரிலேயே நீதிபதி ஃப்ரேசர் ஹொரைசன் நம்பத்தக்கதாக இல்லை என்று விரிவான தீர்ப்பு எழுதிவிட்டார். போஸ்ட் ஆபீஸின் பிடிவாதத்தை, பூமி தட்டை என்று 21-ஆம் நூற்றாண்டில் சாதிப்பதோடு ஒப்பிட்டிருக்கிறார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை ரத்துசெய்தது. இதெல்லாம் நாடகத்துக்கு முன்னால் நடந்தது. 2009-இலேயே கம்ப்யூட்டர் வீக்லி பத்திரிகை ஏழு பேரின் கதையை வெளியிட்டிருந்தது. அந்த நிருபர்களின் உழைப்பைத் தொடர் விழுங்கிவிட்டதோ என்று எனக்கு வருத்தம்.

#6 பழைய_காசாளர்

@தென்னங்கீற்று, வருத்தம் நியாயமானது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தத் தீர்ப்பை நீங்கள் படித்தீர்களா? நான் படிக்கவில்லை. நான் வருடக்கணக்கில் செய்தி பார்க்கிறவன், இந்த விஷயம் என் கண்ணில் பட்டிருக்கும், கடந்துபோயிருப்பேன். கணினி, கணக்கு, வழக்கு என்று வரும் செய்தியை யார் நின்று படிக்கிறார்கள்? அந்த 2,000 என் கண்ணெதிரே 4,000 ஆனபோதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் வீட்டில் ஒரு கேள்வி வந்தது, இங்கேயும் யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன்: எடுக்கவில்லை என்றால் ஏன் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்? இதைக் கேஷில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கணக்கு முடிக்கும் நாளில் துண்டு விழுந்தால் மூன்று வழி. ஒன்று, கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டுவது. இரண்டு, கணக்கு சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மாதம் நேராகிவிடும் என்று நம்புவது. மூன்று, சரியில்லை என்று சொல்வது. மூன்றாவதைச் செய்தால் ஆடிட்டர்கள் வருவார்கள், கவுண்டர் மூடும், கடையும் போகும். ஜோ முதலில் கைக்காசைப் போட்டார், வீட்டை மறு அடமானம் வைத்தார், அதுவும் தீர்ந்தபோது இரண்டாவது வழிக்குப் போனார். அந்தக் கையெழுத்துதான் பொய்க்கணக்கு என்ற குற்றம்! திருட்டு என்று வழக்குப் போட்டு, 'பொய்க்கணக்கை ஒப்புக்கொள், பணத்தைக் கட்டு, ஹொரைசனைக் குறை சொல்லாதே, திருட்டுக் குற்றச்சாட்டை விட்டுவிடுகிறோம்' என்றார்கள். சிறைக்குப் போகாமல் இருக்க அவர் தலையாட்டினார். 36,000 பவுண்டு. ஊர்க்காரர்களே பணம் திரட்டிக் கொடுத்தார்கள், நீதிமன்றத்துக்கும் வந்து நின்றார்கள். ஊர் நம்பியது, நிறுவனம் நம்பவில்லை.

ஒப்புக்கொள்ளாமல் எதிர்த்து நின்றவர் கதி என்ன என்பதற்கு லீ காசில்டன் இருக்கிறார். பிரிட்லிங்டன் ஊர். சுமார் 26,000 பவுண்டுக்காகப் போஸ்ட் ஆபீஸ் அவர்மேல் வழக்குப் போட்டது. அதற்கு முன் உதவி எண்ணை 91 தடவை அழைத்திருக்கிறார். வக்கீல் வைக்கப் பணமில்லாமல் தானே வாதாடித் தோற்றார், எதிர்த்தரப்பின் வழக்குச் செலவு 321,000 பவுண்டும் அவர் தலையில் விழுந்தது. மனிதர் திவால்.

#7 கீழவீதி_வழக்குரைஞர்

ஒரு சட்ட விஷயம், இந்த இழையில் இது பேசப்படாமல் போகக் கூடாது.

இங்கிலாந்தில் 1984-இல் வந்த காவல்துறை, குற்றச்சான்றுச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, கணினியிலிருந்து வரும் ஆவணத்தைச் சாட்சியமாகக் கொண்டுவருகிறவர் அந்தக் கணினி சரியாக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்றது. தேவையில்லாத சுமை என்று 1999-இல் சட்டம் போட்டு அதை எடுத்துவிட்டார்கள், 2000-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்பின் கணினி ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கும், இல்லை என்று காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவரின் பாடு. நாடு முழுக்க ஹொரைசன் வந்ததும் அதே வேளையில்தான். கிராமத்துக் கடைக்காரர் ஒருவர், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே அனுமதி இல்லாத ஒரு கணினியைப் பொய் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டில் அதே 2000-இல் சாட்சியச் சட்டத்துக்குள் 65பி வந்தது, சான்றிதழ் இல்லாமல் மின்னணு ஆவணம் செல்லாது என்று. அதை இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டு உரிமையியல் சாட்சியச் சட்டத்திலிருந்துதான் எடுத்தோம், அவர்களோ அந்தப் பிரிவையும் முன்பே கைவிட்டிருந்தார்கள். இப்போது பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அது 63-ஆம் பிரிவு. சான்றிதழ் வெறும் சடங்காகிவிட்டது என்று நாங்களே குறைப்பட்டுக்கொள்வோம். இந்தத் தொடரைப் பார்த்த பிறகு அந்தச் சடங்கின்மேல் எனக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். நாடகம் முடிந்து ஒரு வாரத்துக்குள், ஜனவரி 10 அன்று, பிரதமர் சுனக் சட்டம் கொண்டுவருவதாக அறிவித்தார். 2024 மே 24 அன்று அது சட்டமானது. நீதிமன்றம் கொடுத்த நூற்றுக்கணக்கான தண்டனைகளை நாடாளுமன்றம் ஒரே சட்டத்தால் ரத்துசெய்தது. கிடைத்த பலன் நல்லது, எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் நீதிமன்றத்தின் முடிவை நாடாளுமன்றம் மொத்தமாக மாற்றலாம் என்ற வழக்கம் ஏற்படுவது எனக்குப் பயமாக இருக்கிறது. இன்றைக்கு நிரபராதிகளுக்காக. நாளைக்கு வேறு யாருக்காவது வேண்டியவர்களுக்காகச் செய்தால்?

#8 செண்பகம்

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. அம்மாவோடு சேர்ந்து பார்த்தேன், வசனத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நோயல் தாமஸ் சிறையில் இருப்பதைப் பார்த்து அம்மா அப்புறம் சாப்பிடவே இல்லை. வேல்ஸில் ஆங்கில்சீ தீவுக்காரர், தபால்காரராகத் தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தபாலிலேயே இருந்தவர். 60-ஆவது பிறந்தநாளைச் சிறையில் கழித்திருக்கிறார். நம் வீட்டில் என்றால் அறுபதாம் கல்யாணம் நடக்க வேண்டிய நாள் என்றார் அம்மா.

#9 ஈஸ்ட்ஹாம்_வாசி

@கீழவீதி_வழக்குரைஞர் ஐயா, உங்கள் பயம் விளங்குகிறது. இங்கேயும் சட்டம் படித்தவர்கள் அப்படித்தான் கதைத்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக மேல்முறையீட்டுக்குப் போங்கள் என்று விட்டிருந்தால் இன்னும் எத்தனை வருடம்? நாடகம் வந்த நேரத்தில் நூறு பேரளவில்தான் தண்டனை நீங்கியிருந்தது. பலர் மேல்முறையீடு செய்யவே மறுத்தார்கள். மறுபடி நீதிமன்ற வாசலை மிதிக்கும் தெம்பு அவர்களுக்கு இல்லை. காத்திருந்தபடியே செத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சட்டமும் முழுமையில்லை, மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கெனவே தள்ளுபடி செய்தவர்களை அதில் சேர்க்கவில்லை. நீதிமன்றங்கள் தாமாகவே விழித்திருந்தால் நாடாளுமன்றம் வரவேண்டி இருந்திராது.

தொடரில் எனக்கு உள்ள குறை வேறு. சீமா மிஸ்ரா அதில் முதன்மைப் பாத்திரம் இல்லை. இங்கே தெற்காசியக் குடும்பங்கள் நடத்துகிற கவுண்டர்கள் எவ்வளவு என்று தபாற்கந்தோர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சீமா மிஸ்ரா சரேயில் வெஸ்ட் பைஃப்ளீட்டில் இருந்தவர், 74,000 பவுண்டு திருடியதாக வழக்கு. 2010 நவம்பரில் 15 மாதச் சிறை. அன்று அவருடைய மகனின் 10-ஆவது பிறந்தநாள், அவர் வயிற்றில் இரண்டு மாதக் குழந்தை. பிள்ளை பிறந்தபோது காலில் மின்னணுக் கண்காணிப்புப் பட்டை இருந்தது. அந்தத் தீர்ப்பு வந்ததும் போஸ்ட் ஆபீஸ் வழக்கறிஞர் ஒருவர், இனி ஹொரைசனைக் குறை சொல்லலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இது தடையாக இருக்கும் என்ற பொருளில் உள்ளே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். 2023-இல் வெளிவந்த இன்னொரு ஆவணத்தில், விசாரிக்கப்படுகிறவர்களைத் தோல் நிறத்தையும் இனத்தையும் வைத்துக் குறியீடு போட்டுப் பிரித்திருந்தார்கள், நூறு வருடத்துக்கு முந்தைய சொற்களால். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இதற்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்க வேண்டாமா?

என் கதையும் ஒன்று. வந்த புதிதில் ஒரு கடையில் இரவு வேலை, எந்தக் கடை என்பது வேண்டாம். மூன்று தடவை கல்லாவில் குறைந்தது. மூன்று தடவையும் சம்பளத்தில் பிடித்தார்கள். நான் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் மூன்றாம் தடவை எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது, மிச்சக்காசு கொடுக்கும்போது கை நடுங்கியது. அந்த ஜனவரியில் நாடகம் பார்த்தபோதுதான், இருபது வருடத்துக்கு அப்புறம், மனைவியிடம் முதல் தடவையாகச் சொன்னேன். அதுவரை வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

#10 தென்னங்கீற்று

@ஈஸ்ட்ஹாம்_வாசி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று தொடரை மறுபடி பார்த்தேன். முதல் தடவை நான் தவறவிட்டதை ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்கு மட்டும்தான் என்று சொல்லப்பட்டவர்கள் 2009-இல் வார்விக்ஷயரில் ஃபென்னி காம்ப்டன் என்ற கிராமத்து மண்டபத்தில் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். யார் வருவார்கள் என்று தெரியாமல் பேட்ஸ் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார், ஒவ்வொருவராகத் தயங்கித் தயங்கி உள்ளே வருவார்கள். எந்தப் பத்திரிகைக் கட்டுரையாலும் அதை இப்படிக் காட்ட முடியாதுதான்.

ஆனால் என் கேள்வி இன்னும் இருக்கிறது. ஃப்ரேசர் விசாரித்த, 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில் போஸ்ட் ஆபீஸ் கொடுத்தது 57.75 மில்லியன் பவுண்டு. வழக்கு நடத்தப் பணம் போட்டவர்களுக்கும் வக்கீல்களுக்கும் போக மிஞ்சியது சுமார் 12 மில்லியன், ஆளுக்கு 20,000 அளவில்தான். வழக்கின் நடுவே, தீர்ப்பு தமக்கு எதிராகப் போகிறது என்று தெரிந்ததும், நீதிபதியையே விலகச் சொல்லி மனுப் போட்டார்கள். இதற்கெல்லாம் செலவானது யார் காசு? வரி கட்டுகிறவர் காசுதான். 2019 டிசம்பருக்கும் 2024 ஜனவரிக்கும் இடையில் நான்கு வருடம், அமைச்சர்கள் எல்லோருக்கும் தீர்ப்பு தெரியும். நாடகத்தை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள், உடனே எல்லாம் வேகம் பிடித்தது. வென்னல்ஸின் சிபிஇ என்ற அரச விருதைப் பறிக்கக் கேட்டு 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து, ஜனவரி 9 அன்று திருப்பித் தருவதாக அவரே அறிவித்தார். அப்படியென்றால் நாடகம் எடுக்கப்படாத அநியாயங்கள் அப்படியே கிடக்க வேண்டியதுதானா?

#11 மழைக்காகம்

நான்கு பகுதியும் முடித்துவிட்டேன். #2-இல் அவ்வளவுதானே என்று கேட்டதற்கு வருந்துகிறேன்.

ஒரு சிறிய விஷயம், யாராவது கவனித்தீர்களா? நாடாளுமன்றக் குழு வென்னல்ஸை விசாரிக்கும் காட்சியில் கேள்வி கேட்கிறவர் நடிகர் இல்லை. 2015-இல் அந்தக் குழுவில் உண்மையிலேயே இருந்த நதீம் ஸஹாவி எம்.பி. தன் வேடத்தில் தானே நடித்திருக்கிறார்.

#12 நிரலாளர்

@தென்னங்கீற்று, நீங்கள் வென்னல்ஸுக்கு முந்தைய 12 வருடத்தைக் கேட்டீர்கள், அது சரியான கேள்வி. ஆனால் அவர் காலத்தில் நடந்த ஒன்றுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாகப் படுகிறது. 2013 ஜூலையில் தடயவியல் கணக்காளர்களான செகண்ட் சைட் இடைக்கால அறிக்கை கொடுத்தது. அதே மாதம் போஸ்ட் ஆபீஸுக்காக வேலை செய்த சைமன் கிளார்க் என்ற வழக்கறிஞர் எழுத்திலேயே எச்சரித்தார்: வழக்குகளில் நிபுணர் சாட்சி கொடுத்துவந்த ஃபுஜிட்சு பொறியாளர் தனக்குத் தெரிந்த கோளாறுகளைச் சொல்லாமல் விட்டிருக்கிறார், அவர் சாட்சியத்தை நம்ப முடியாது. சீமா மிஸ்ரா வழக்கில் வந்ததும் அதே பொறியாளர்தான். அந்தக் கடிதம் தண்டனை பெற்றவர்களின் வக்கீல்கள் கைக்கு வந்தது 2020-இல். ஏழு வருடம்! அந்த ஏழு வருடமும் அது போஸ்ட் ஆபீஸிடம் இருந்தது.

நாடகத்தில் செகண்ட் சைட்டின் இரண்டு கணக்காளர்களை ஒரே பாத்திரமாக்கிவிட்டார்கள், பாப் ரதர்ஃபோர்ட் என்று கற்பனைப் பெயர். அதில் எனக்குக் குறையில்லை, நான்கு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டுமே.

என் தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்ல வேண்டும். பல வருடம் முன்பு ஒரு நிறுவனத்தில் ஆதரவுக் குழுவில் இருந்தேன். வரும் புகார்களை மூட எங்களுக்கு நேரக் கெடு. காரணம் கண்டுபிடிக்க முடியாதவற்றை 'பயனர் பிழை' என்று குறித்து மூடுவோம். நானும் மூடியிருக்கிறேன், எத்தனை என்று எண்ணிக்கை தெரியாது. அந்தப் பக்கம் யார் இருந்தார், அவருக்கு என்ன ஆனது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. இந்தத் தொடர் பார்த்ததிலிருந்து அது உறுத்துகிறது. இப்போது என் குழுவில் அந்தக் காரணத்தைத் தேர்வுப் பட்டியலிலிருந்தே எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

#13 கீழவீதி_வழக்குரைஞர்

@ஈஸ்ட்ஹாம்_வாசி, உங்கள் பதிலை யோசித்துப் பார்த்தேன். மேல்முறையீட்டுக்குப் போகவே தெம்பில்லாதவர்கள் என்ற இடத்தில் என்னிடம் பதில் இல்லை. என் கட்சிக்காரர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. என் பயம் போகவில்லை, ஆனாலும் அந்தச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்திருக்க மாட்டேன்.

இதையும் குறித்துவைக்கிறேன்: இந்த விவகாரம் பற்றிய பொது விசாரணையில் வென்னல்ஸ் மூன்று நாள் சாட்சி சொன்னார், 2024 மே 22, 23, 24. பலமுறை அழுதார். அவர் சாட்சி சொல்லி முடித்ததும் அந்தச் சட்டம் ஒப்புதல் பெற்றதும் ஒரே நாள்.

#14 ஈஸ்ட்ஹாம்_வாசி

2025 ஜூலையில் அந்தப் பொது விசாரணையின் அறிக்கையில் முதல் பாகம் வந்தது, எழுதியவர் விசாரணைத் தலைவர் சர் வின் வில்லியம்ஸ். இதனால் குறைந்தது 13 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்றும், 59 பேர் அப்படி நினைத்ததாகச் சொன்னார்கள் என்றும் அதில் இருக்கிறது. இழப்பீடு 100 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. தமக்குத் தார்மீகக் கடமை இருக்கிறது என்று 2024 ஜனவரியில் நாடாளுமன்றக் குழு முன் ஒத்துக்கொண்ட ஃபுஜிட்சு எவ்வளவு தரும் என்பது இன்னும் பேச்சில்தான் இருந்தது. இதற்காக ஒருவர்கூட அதுவரை சிறைக்குப் போகவில்லை. நாடகம் எடுத்த ஐடிவிக்கும் இதில் நட்டம்தான், அவர்களே சொன்னார்கள்.

போன சனிக்கிழமை ஊருக்கு ஒரு பார்சல் அனுப்பப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்தவர் குஜராத்திக்காரப் பெண்மணி, பல வருடமாகத் தெரியும். திரையில் அடித்து முடித்ததும் பக்கத்தில் இருந்த நீளமான நோட்டை எடுத்து, தொகையைப் பேனாவால் எழுதி, நேரத்தையும் குறித்துக்கொண்டார். முன்பும் எழுதியிருப்பார், நான் இப்போதுதான் கவனித்தேன். என்ன நோட்டு என்று கேட்டேன். ஒவ்வொரு பரிமாற்றத்தையும் எழுதிவைப்பதாகச் சொன்னார். பழைய நோட்டுகள் எல்லாம் வீட்டில் அலமாரியில் இருக்கின்றனவாம், கணவர் எறியச் சொன்னால்கூட எறிய மாட்டாராம்.

#15 பழைய_காசாளர்

தம்பி, அடுத்த தடவை போனால் அந்த அம்மாவிடம் சொல்லுங்கள், இங்கே ஒரு பழைய கேஷியர் விசாரித்ததாக. தேதி, நேரத்தோடு தொகையை எழுத்தாலும் எழுதச் சொல்லுங்கள். எண்ணை மட்டும் எழுதினால் பிறகு திருத்தினதாகச் சொல்லிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். நான்காம் பகுதியை அவளோடு இன்னொரு தடவை பார்ப்பதாக இருக்கிறேன்.